பிரமு கேட்ட படம்

தூத்துக்குடியில் சூசைமாணிக்கம் என்றொரு ஓவியர் இருந்தார். துறைமுகத்தில் பதினெட்டு வருடம் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். சரக்கு இறங்காத நேரங்களில் சிமெண்ட் மூட்டைக் காகிதத்தில் கரியால் கிறுக்கிக் கிறுக்கி, தானாகவே படம் போடக் கற்றுக்கொண்டார்.

அவர் படங்களில் ஓர் ஆணும் பெண்ணும் இருப்பார்கள். இல்லையென்றால் யாராவது தனியாக நிற்பார்கள். சாலை நனைந்து கிடக்கும். யாரையோ அப்போதுதான் வழியனுப்பியது போல இருக்கும் அவர்கள் நிற்பது.

சலூன், லாட்ஜ், புரோட்டாக் கடை எங்கும் அந்தப் படங்கள் தொங்கின. நகைக்கடைக் காலண்டரில் வந்தால், வருடம் முடிந்து தேதித்தாள் தீர்ந்த பிறகும் மக்கள் அதைக் கழற்றமாட்டார்கள். ஆனால் எந்தக் கலைக்கூடமும் அவர் படத்தை மாட்டியதில்லை.

அவருக்கு ஒரே ஒரு சீடர். பெயர் நல்லசிவன். குருவைவிடப் பதினாறு வயது மூத்தவர். ஓவியக் கல்லூரியில் முப்பது வருடம் மனித உடம்பை வரையச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த மூன்றாம் மாதம், திருநெல்வேலி வீட்டைப் பூட்டிவிட்டு வந்து நின்றார்.

"உங்ககிட்ட கத்துக்கணும்."

"உங்களுக்கு நான் என்னத்தக் கத்துக்குடுக்க, அண்ணாச்சி?"

"சும்மா பக்கத்துல இருக்கேன்."

மூன்று வருடம் இருந்தார். பிரஷ் கழுவினார். கான்வாஸ் இழுத்துக் கட்டினார். தன்னைவிடச் சின்னவரை 'ஆசானே' என்று கூப்பிட்டார். அவருடைய பழைய மாணவர்கள் அதைக் கேள்விப்பட்டுச் சிரித்தார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் காலை, நல்லசிவன் ஒரு பத்திரிகையோடு வந்தார்.

"உங்களைப் பத்தி எழுதியிருக்கான், ஆசானே. எங்கிட்டப் படிச்ச பயல்தான்."

"வாசிங்க."

"உங்க படத்துல நிக்கிறவங்க எல்லாம் ஜவுளிக் கம்பெனி கேட்டலாக்ல இருந்து எடுத்ததாம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டிருக்கான். தோளுக்குள்ள எலும்பே இல்ல, இவர் ஓவியரே இல்ல, காப்பியடிக்கிறவர்னு எழுதியிருக்கான்."

சூசைமாணிக்கம் பத்திரிகையை வாங்கிப் பார்த்தார்.

"நிசந்தான்" என்றார்.

"என்ன சொல்றீங்க?"

"வின்ச் ஓட்டுறவனுக்கு முன்னால எவ வந்து ரெண்டு மணி நேரம் நிப்பா? கேட்டலாக்ல உள்ளவங்கதான் அசையாம நின்னாங்க. அவங்களப் பாத்து வரஞ்சேன்."

"பதில் எழுதணும், ஆசானே."

"நிசத்துக்கு என்ன பதில்?"

ஆனால் அன்று அவர் பிரஷ்ஷைத் தொடவில்லை. பத்திரிகையை மடித்து பெயின்ட் டின்னுக்கு அடியில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்தார். மறுபடி வைத்தார். பொழுது சாய்வதற்குள் நாலு தடவை எடுத்திருப்பார்.

நல்லசிவன் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்.

"ஆசானே, எனக்கு எலும்பு தெரியும். ஒவ்வொரு தசையும் தெரியும். என் படம் ஒரு வீட்டுலயும் தொங்கல. உங்களுக்கு எலும்பு தெரியாது. ஊரே உங்க படத்த மாட்டி வச்சிருக்கு. ஏன்?"

"நீங்க வரஞ்சதுல நல்லதா ஒண்ணு கொண்டாங்க."

மறுநாள் திருநெல்வேலிக்குப் போய், பழைய வேட்டியில் சுற்றி ஒரு படத்தைக் கொண்டுவந்தார். அவர் மனைவி பிரமு. நோயில் படுத்திருந்தபோது, தலையணையில் சாய்ந்து உட்கார வைத்து வரைந்தது. அதற்குப் பிறகு அவர் எதையும் வரையவில்லை.

சூசைமாணிக்கம் வெகுநேரம் பார்த்தார். கழுத்தெலும்பைப் பார்த்தார். மெலிந்த கையில் ஓடிய நரம்பைப் பார்த்தார்.

"ஒரு தப்பு இல்ல" என்றார்.

பிறகு படத்தை எடுத்துப்போய்த் தெருவாசலில் ஓர் ஆணியில் மாட்டினார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இருங்க, அண்ணாச்சி."

சைக்கிளில் போனவர்கள் நிற்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் ஒரு தரம் பார்த்துவிட்டு ஓடினார்கள். மீன் விற்கும் செல்வமேரி சும்மாட்டைச் சரிசெய்யக் கூடையை இறக்கினாள். படம் கண்ணில் பட்டது.

"யாருண்ணே இது?"

"எப்படி இருக்கு, சொல்லு."

"அச்சு அசலா இருக்கு. பாவம், ரொம்ப முடியாதவுக போல." கிட்டே வந்து பார்த்தாள். "என்னமோ கேக்க வாயெடுத்துட்டு, வேண்டாம்னு விட்டுட்ட மாதிரில்லா இருக்காவ."

சூசைமாணிக்கம் கூடையைத் தூக்கிவிட்டார். அவள் போய்விட்டாள்.

நல்லசிவன் எழுந்து தன்னுடைய படத்துக்கு முன்னால் போய் நின்றார். அந்த உதட்டை வரைய அவருக்கு இரண்டு நாள் பிடித்திருந்தது. ஓரத்தில் விழுந்த நிழலை அழித்து அழித்துச் சரியாகக் கொண்டுவந்திருந்தார்.

"நாந்தான் வரஞ்சேன்" என்றார். "எனக்குத் தெரியல."

"மதினி என்ன கேட்டாங்க?"

நல்லசிவன் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"உங்க படம் ஒண்ணு கேட்டா."

சூசைமாணிக்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"காலண்டர் படம். பஸ் ஸ்டாப்புல ஒரு பொண்ணு. முதுகக் காட்டி நிக்கா. கையில தூக்குவாளி. அதக் கட்டிலுக்கு எதுத்தாப்ல மாட்டுங்கன்னா. அங்க என் படம் ஒண்ணு இருந்துது. காலேஜ்ல இருந்து ஆளுங்க பாக்க வருவாங்க, நம்ம வீட்டுல போய் இதையா மாட்டுறதுன்னு சொன்னேன். சரின்னுட்டா. ரெண்டாம் தடவ கேக்கல. மறுநாள்தான் இந்தப் படத்துக்கு உக்கார வச்சேன்."

"பொறவு?"

"பதினோரு நாள்ல போயிட்டா. தலையணை உறையக் கழத்தும்போது அந்தக் காலண்டர் தாள் உள்ள இருந்துது. நாலா மடிச்சு. மடிப்பெல்லாம் இத்துப்போயிருந்துது, ஆசானே. நான் அங்கிட்டு நகந்த நேரமாப் பாத்து எடுத்து எடுத்துப் பாத்திருக்கா."

தெருவில் தூறல் விழுந்தது. இருவரும் உள்ளே போகவில்லை.

"அந்தப் படத்தோட அசல் எங்க இருக்கு?" என்று கேட்டார் நல்லசிவன்.

"பிரஸ்ஸுக்குப் போனது திரும்பி வரல. கேட்டதுக்கு, மழையில ஊறிப்போச்சு, தூக்கிப் போட்டுட்டோம்னாங்க."

நல்லசிவன் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் படம் கத்துக்க வரல, ஆசானே. அவ அதுல என்னத்தப் பாத்தா? அதக் கேக்கத்தான் வந்தேன். மூணு வருசமா வாய் வரல. வரஞ்சவர் நீங்க. உங்களுக்குத் தெரியாம இருக்காது. சொல்லுங்க."

சூசைமாணிக்கம் பிரமுவின் படத்தை ஆணியிலிருந்து எடுத்தார். விழுந்திருந்த ஈரத்தை உள்ளங்கையால் ஒற்றினார். அந்தப் பழைய வேட்டியிலேயே சுற்றி நல்லசிவன் கையில் கொடுத்தார்.

"அப்ப எனக்கு முகம் போட வராது, அண்ணாச்சி. அதான் அவள அந்தப் பக்கமாத் திருப்பி நிக்க வச்சேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது."

நல்லசிவன் நகரவில்லை. இன்னும் எதையோ எதிர்பார்ப்பவர்போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மதினிகிட்டல்லா கேட்டிருக்கணும்" என்றார் சூசைமாணிக்கம்.