ஆட்டுப்பட்டிக்கு எந்தப் பூச்சு?

சுக்கான்பாடியில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் எடுத்துச் செலவழிப்பதில்லை, அவ்வளவுதான். அந்த ஊர்க் கொளஞ்சிக்குப் பெரிய கவலை வந்துவிட்டது. ஆட்டுப்பட்டிச் சுவரில் செங்கல் இடுக்குச் சாந்து உதிர்ந்து, நரி மூக்கை நுழைத்துப் பார்க்க ஆரம்பித்திருந்தது.

"அண்ணன் வீட்டுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள இதை அடைக்கலேன்னா, ஆட்டுக்குப் பதிலா நீ பட்டியில படு" என்று சொல்லிவிட்டுப் போனாள் பெண்டாட்டி அஞ்சலை. சொன்னால் செய்பவள்.

பக்கத்து ஊர் மேஸ்திரியிடம் ஓடினான். அவர் வேலை மும்முரத்தில் இருந்தார்.

"பழைய சாந்தைச் சுத்தமா சுரண்டு. செங்கலை நல்லா நனை. புதுச் சாந்து வச்சு ஒரு சந்து விடாம அடை. இடுக்குப் பூச்சு செங்கலோட மட்டமா வேணுமா, உள்ள குழிச்சு வேணுமான்னு குடியிருக்கிறவங்களைக் கேட்டுக்க. காயுற வரைக்கும் சுவர்ல கை வைக்காதே. தண்ணி ஊத்திக்கிட்டே இரு, காய விட்டுடாதே."

அஞ்சலையின் தம்பிகள் பாவாடையும் ஏகாம்பரமும் துணைக்கு வந்தார்கள். மூவரும் சுத்தமாகவே சுரண்டினார்கள். இந்தப் பக்கம் நுழைத்த கம்பி அந்தப் பக்கம் வந்தது. மத்தியானத்துக்குள் சுவர் படுத்துவிட்டது. ஆடுகள் மேயப் போய்விட்டன.

"விழுந்ததும் நல்லதுக்குத்தான். நின்னுக்கிட்டிருந்தா எப்படிக் குளத்துல முக்குறது?" என்றான் பாவாடை.

செங்கல்லெல்லாம் குளித்து வந்தது. அடுத்து, குடியிருக்கிறவர்களைக் கேட்க வேண்டுமே! கிடாவை இழுத்து வந்து இரண்டு மாதிரிப் பூச்சையும் காட்டினார்கள். அது மட்டப் பூச்சை மோந்து பார்த்தது. குழிப் பூச்சின்மேல் புழுக்கை போட்டது.

"பிடிக்கலேங்குது" என்றான் ஏகாம்பரம்.

"பிடிக்காததுக்கு எவனாவது கையில இருக்கிறதைப் போடுவானா?" என்றான் பாவாடை.

கொளஞ்சிக்கும் அது நியாயமாகப் பட்டது. குழிப் பூச்சு என்று முடிவானது. கிடா தன் வழியே போனது.

வேப்பமர நிழல் பட்டிக்குள்ளே விழுந்ததால் உள்ளே நின்றபடியே கட்டினார்கள். சுவர் கழுத்து உயரம் வந்தது. வாசல் மட்டும் பாக்கி.

"ஏ மாமா, எம்மாம் பெரிய சந்து!" என்று பதறினான் ஏகாம்பரம். தண்ணீர்க் குடங்களை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு அதையும் அடைத்தார்கள்.

அஞ்சலை திரும்பியபோது ஆடுகள் அடுப்பங்கரையில் நின்றன. பட்டிக்குமேலே மூன்று தலைகள் தெரிந்தன.

"ஏன்யா, உள்ள என்ன பண்றீங்க? ஏறிக் குதிச்சு வாங்க!"

"காயுற வரைக்கும் கை வைக்கக் கூடாதாம்" என்றான் கொளஞ்சி பெருமையாக. "இனிமே எந்த நரியும் உள்ள வர முடியாது பாத்துக்க."

"அது எப்பக் காயும்?"

"எப்படிக் காயும்? நாங்கதான் ராப்பகலா தண்ணி ஊத்துறோமே! நீ பேசிக்கிட்டு நிக்காம இன்னொரு குடம் கொண்டா. இந்தப் பக்கம் லேசா காயுது."