சாமி வீட்டைக் கொளுத்தின சலேத்தம்மா

காலை நீட்டிப் படுட்டி ஜெசிந்தா. பெரியம்மா கதை சொல்லும்போது "ம்" கொட்டணும். கொட்டலேன்னா நான் பாட்டுக்குத் தூங்கிருவேன், பாத்துக்க.

ஒரு ஊர்ல ஒரு சலேத்தம்மா இருந்தா. கடக்கரை ஊரு, கரண்டு வராத காலம். அவ புருசன் கஸ்பாரு வள்ளத்துல மீன் பிடிக்கப் போவான். சலேத்தம்மா கெட்டிக்காரி, ஆனா ஒரு கிறுக்கு உண்டு. செபம் பண்ண உக்காந்தா, கண்ண மூடிக்கிட்டு வேதக்கதைக்குள்ளேயே நடந்து போயிருவா. கானாவூர்ல கலியாணமா? இவ பந்தியில எலை போடுவா. மாதாவுக்குப் பேறுகாலமா? இவ வெந்நி வைப்பா. சிரிக்காத, ம் கொட்டு.

கோயில்ல செபம் சொல்லிக் குடுக்கிற இன்னாசி உபதேசியாருக்கு இது ஆகவே ஆகாது. "ஏளா, அது செபமில்ல, வெறும் கற்பனை"ம்பாரு. "போவாத ஊருக்கு நான் வேற எப்படிப் போவேன் உபதேசியாரே?"ம்பா இவ.

அப்போ கிறிஸ்மஸுக்கு மொத நாளு. உபதேசியாரு கோயில் மேட்டுல, மதில் மறைவுல, தன் கையாலே பெரிய குடில் கட்டிருந்தாரு. காஞ்ச பனையோல, வைக்கோலு. ராப்பூசையில கொழந்தை யேசுவ அதுலதான் வைக்கணும். பொழுது சாயுறப்போ ஊஊஊன்னு காத்து கெளம்பிச்சு. மழை இல்ல, வெறுங்காத்து. எல்லா வள்ளமும் வந்துட்டு. கஸ்பாரு வள்ளம் மட்டும் வரல.

பொம்பளையெல்லாம் கோயில்ல முட்டி போட்டுச் செபமாலை சொல்லுதாளுவ. சலேத்தம்மாவுக்கு வாயில வார்த்தை வரல. கண்ண மூடுனா. அப்புறம் என்ன, தொபுக்குன்னு புருசன் வள்ளத்துக்குள்ள ஏறிட்டா. வேதத்துல புயலுக்குள்ள தூங்குன மாதிரியே யேசுசாமி அங்க வள்ளத்துப் பின்பக்கம் தலைய வச்சுத் தூங்குதாரு. எழுப்ப மனசு வரல. கஸ்பாரு இருட்டுக்குள்ள முழிச்சு முழிச்சுப் பாக்கான். அவன் பாக்குற பக்கம் இவளும் பாத்தா. கரையே தெரியல! ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல! வழி தப்பி பாறையில மோதுனா ஆளு போச்சு.

ம்... கேக்கியா?

கண்ணத் தொறந்தா, எந்திரிச்சுக் கடக்கரைக்கு ஓடுனா. அரிக்கேன் லைட்ட ஏத்தித் தூக்கிப் புடிச்சா. புஸ்ஸு! அணைஞ்சுட்டு. அப்புறம் ஓலைச்சூட்டு கட்டிப் பத்த வச்சா. அலை வந்து சளார்னு அடிச்சு அதையும் அணைச்சுட்டு. அப்புறம் திரும்பிப் பாக்கா, மேட்டுல குடிலு.

மாதாவையும் சூசையப்பரையும் தூக்கி மதில் ஓரமா வச்சா. "மன்னிச்சுக்க தாயே, எடம் இல்லாம நிக்கது ஒனக்குப் பழக்கந்தான"ன்னா. வச்சா தீய! சடசட சடசடன்னு வானம் வரைக்கும் எரியுது.

உபதேசியாரு ஓடியாந்தாரு. "அடிப்பாவி, சாமி வீட்டையே கொளுத்திட்டியே!"

"வள்ளத்துல இருந்து பாத்தேன் உபதேசியாரே, இருட்டா இருந்துச்சு. சாமியும் மேல இருந்தே நம்மளப் பாத்துட்டு இருக்கலியே, நம்ம கூட வந்து எறங்கித்தான பாத்தாரு?"

உபதேசியாரு என்ன பண்ணாரு தெரியுமா? மிச்ச ஓலையெல்லாம் அவரே அள்ளி அள்ளிப் போட்டாரு.

அப்போ கடல்ல இருந்து "ஓஓஓய்!"னு ஒரு சத்தம். கஸ்பாரு! வெளிச்சத்தப் புடிச்சே வந்துட்டான்.

ராப்பூசைக்கு மணி அடிச்சுட்டு. கொழந்தைய வைக்கக் குடில் இல்ல, சாம்பல்தான் கெடக்கு. பூசை வைக்கிற சாமியாரு கையில கொழந்தைய வச்சுக்கிட்டு முழிக்காரு. உபதேசியாரு அத வாங்கி, உப்புத்தண்ணி சொட்டச் சொட்ட நின்ன கஸ்பாரு கையில வச்சாரு. "புடிடே. இன்னைக்கு நீதான் குடிலு."

கஸ்பாரு கொழந்தைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அழுதான். "சர்வேசுரா, ஒம்ம வீட்ட எரிச்சுத்தானா என்னைய வீட்டுக்குக் கொண்டாந்தீரு? தோத்திரம், தோத்திரம்"னான். ஊரே அவன்கூடச் சேந்து தோத்திரம் சொல்லிச்சு.

ம் வரலியே. சரி, கதையும் கரை சேந்துட்டு, நீயும் தூங்குட்டி.