ஏசி நின்ன அஞ்சு நிமிஷம்

வெயிலைத் தாங்குற வீட்டுக்கு மாணவர் டிசைன் போட்டி. நடுவர் பரசுராமன், போட்டி நடக்குற கண்ணாடி ஹாலைக் கட்டினதே அவருதான். மாணவி இசக்கியம்மாளோட வரைபடத்தைப் பார்த்துச் சிரிச்சாரு.

"வீடு பூரா ஜன்னலா? கோழிக்கூண்டாம்மா இது? இதெல்லாம் எதுக்குன்னு அஞ்சு நிமிஷத்துல நிரூபி. இல்ல, போட்டியை விட்டே போ."

இசக்கிக்குச் சுர்ருன்னு கோவம் ஏறிடுச்சு. நேரா போயி ஏசியை அணைச்சா.

மே மாசத்து மத்தியானம். நாலாவது நிமிஷமே நடுவரு கோட்டைக் கழட்டி எறிஞ்சாரு. "யாருய்யா அங்க, ஜன்னலைத் திற!"

"எதை சார் திறக்குறது? ஒண்ணாவது வச்சுக் கட்டினீங்களா? கரண்டு போனா உள்ள இருக்குறவன் வெந்து சாகணுமா?"

வேர்வை சொட்டச் சொட்ட அவரு கெஞ்சினாரு. "மொதல்ல ஏசியைப் போடும்மா."

சுவிட்ச்சை விட்டுக் கையெடுக்காம இசக்கி சொன்னா: "மொதல்ல மார்க்கைப் போடுங்க சார்."