திறந்தால் ஒரு பூசணிக்காய்

முன்னொரு காலத்தில் வேங்கைவாடி நாட்டைக் கச்சிராயன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். புதிதாக எதைக் கண்டாலும் வாங்கிவிடுவான் என்பது ஒன்றுதான் குறை. நாலு பேர் சேர்ந்து விரிக்க வேண்டிய குடை ஒன்று அரண்மனையில் கிடந்தது. அவனுக்குத் தெரியாத பாஷையில் மட்டும் பேசும் கிளி ஒன்றும் இருந்தது. அது தன்னைப் புகழ்கிறது என்று அரசன் நம்பினான். அந்தப் பாஷை தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை.

ஓர் ஆவணி மாதத்தில் பெரியேரிக் கரை ஓரிடத்தில் சரிந்துவிட்டது. ஐப்பசி மழைக்குள் கட்டாவிட்டால் கரைக்குக் கீழே உள்ள ஊர்கள் வெள்ளத்தில் போய்விடும். அமைச்சர் தில்லைவிடங்கர் கெஞ்சிக் கூத்தாடி ஆயிரம் பொன்னை அதற்கென்று ஒதுக்க வைத்திருந்தார். அதற்கு மேல் கஜானாவில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. அந்த நேரம் பார்த்து, சந்தைக்கு வந்திருந்த தூர தேசத்து வணிகன் ஒருவன் சபைக்கு ஒரு மடக்குக் கத்தியைக் கொண்டுவந்தான்.

மடக்கினால் முழங்கை நீளம், விரித்தால் கிட்டத்தட்ட வாள். மான்கொம்புப் பிடி, வெள்ளி ஆணி. வணிகன் கட்டைவிரலால் ஒரு தள்ளுத் தள்ளினான். 'டக்' என்று அலகு நிமிர்ந்து நின்றது. விலை ஆயிரம் பொன் என்றான்.

அந்த 'டக்'கிலேயே அரசன் விழுந்துவிட்டான்.

ஆயுதசாலைத் தலைவர் அனந்தப்பருக்கு அமைச்சர் பதவி மேல் நெடுநாளாக ஒரு கண். ஏரிப் பணம் கத்தியில் போனால் தில்லைவிடங்கரின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். பிடித்திருந்தது. இப்படி ஒரு கத்தி இல்லாத அரசரை அண்டை நாட்டார் மதிப்பார்களா என்று கேட்டார். கரை எங்கே ஓடிவிடப் போகிறது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

அரசன் அமைச்சரைப் பார்த்தான். அவர் வேண்டாம் என்பார், அதை மீறி வாங்கிவிடலாம் என்று தயாராக இருந்தான். அமைச்சர் அப்படிச் சொல்லவில்லை.

"பழகிப் பார்க்காமல் எப்படிச் சொல்வது, மன்னா? சந்தை கலையும் வரை இடுப்பில் வைத்திருங்கள். அதன் பிறகும் வேண்டுமென்றால் பொன்னை நானே எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் தங்கள் வம்ச வழக்கம் ஒன்று இருக்கிறது. அரசர் திறந்த ஆயுதம் எதையாவது வெட்டாமல் மூடக் கூடாது. ஆயுத பூஜையில் செய்வது போல ஒரு பூசணிக்காய் போதும்."

வம்சத்தைச் சொன்னதும் அரசனுக்குப் பெருமை தாங்கவில்லை. பூசணிக்காயோடு கூடவே நிற்கும் மரியாதை ஆயுதசாலைத் தலைவருக்குத்தான் உரியது என்று அமைச்சர் சொன்னதும் அனந்தப்பருக்கு அதைவிடப் பெருமை. அமைச்சருக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்று வீட்டில் போய்ச் சொன்னார்.

மறுநாள் அரசன் கண் விழித்ததும் கத்தியை எடுத்து 'டக்' என்று திறந்தான். மூட வேண்டுமே, ஒரு பூசணிக்காய். குளித்துவிட்டு வந்ததும் இன்னொரு முறை, இன்னொரு பூசணிக்காய். சபையில் வழக்கு நீண்டால் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. அனந்தப்பர் குழந்தையைச் சுமப்பது போலப் பூசணிக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு அரசன் போகும் இடமெல்லாம் ஓடினார். காலையில் கூட்டு, மதியம் மோர்க்குழம்பு, ராத்திரி அல்வா என்று சமையல்கட்டு முழுக்கப் பூசணிக்காய்தான். ராணி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டிலிருந்து சாப்பாடு வரவழைத்தாள்.

கத்தியும் சும்மா இருக்கவில்லை. மடிப்புக்குள் விதையும் சதையும் போய் ஒட்டிக்கொண்டன. மூடும்போதெல்லாம் குச்சியால் தோண்ட வேண்டியிருந்தது. ஒருநாள் தீர்ப்புச் சொல்லும் நேரத்தில் அரசன் துள்ளி எழுந்தான். இடுப்பெல்லாம் எறும்பு. இருந்தும் கத்தியை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை, ஆசைப்பட்டுவிட்டான் அல்லவா.

சந்தை கலைந்தது. வணிகன் பொன்னுக்காக வந்து நின்றான். அரசன் கத்தியை அமைச்சர் முன்னால் வைத்தான்.

"சொல்லும், வாங்கலாமா?"

"இதுவரை இதனால் என்னென்ன வெட்டினீர்கள், மன்னா?"

"பூசணிக்காய்."

"வேறு?"

அரசன் யோசித்தான். பழம் நறுக்கித்தான் வருகிறது. பாக்கும் வெட்டித்தான் வருகிறது. நகத்தைக்கூட நாவிதர் வந்து வெட்டிவிட்டுப் போகிறார். வேறு ஒன்றுமில்லை என்று மெல்லச் சொன்னான்.

"வெட்ட வேண்டியிருந்ததால் திறந்தீர்களா, திறந்துவிட்டதால் வெட்டினீர்களா?"

அனந்தப்பர் இடுப்புப் பூசணிக்காயோடு முன்னால் வந்து, போர் என்று வந்தால் இது உதவுமே என்றார்.

"நான் விதையைத் தோண்டி முடிக்கும் வரை எதிரி காத்திருப்பானா, அனந்தப்பரே?" என்றான் அரசன்.

வியாபாரம் கைநழுவுவதைக் கண்ட வணிகன் விலையைக் குறைப்பதாகச் சொல்லி, வேறு சரக்கைக் காட்ட அவசரமாக மூட்டையைப் பிரித்தான். முடிச்சு அவிழவில்லை. மடியிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தான்.

"அது என்ன கத்தி?" என்று கேட்டான் அரசன்.

"இதுவா? என் அப்பா ஒரு பணத்துக்கு வாங்கியது, அரசே" என்றவன், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அரசன் வாய்விட்டுச் சிரித்தான். மடக்குக் கத்தியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். கழுத்து முத்துமாலையை அமைச்சருக்குப் போட்டான். ஆயிரம் பொன் அன்றைக்கே ஏரிக்குப் போயிற்று. கூடவே அனந்தப்பரும் போனார். இடுப்பில் சுமந்து பழகியவர் மண்கூடையும் சுமக்கட்டும் என்பது உத்தரவு. மிச்சமிருந்த பூசணிக்காய்கள் கரை கட்டியவர்களுக்குச் சாம்பாராயின. ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. கரை நின்றது, ஊர்கள் பிழைத்தன.

வேலை முடிந்து அனந்தப்பர் சபைக்குத் திரும்பினார். கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. அரசனின் கை மட்டும் பழக்கத்தை விடவில்லை. வழக்கு நீண்டால் இடுப்புக்குப் போகும், அங்கே ஒன்றும் இருக்காது. அரசன் நாக்கால் 'டக்' என்று ஒரு சத்தம் செய்துகொள்வான். உடனே அனந்தப்பர் கடைசி வரிசையில் எழுந்து நின்று, சுற்றுமுற்றும் பூசணிக்காயைத் தேடுவார்.