நான்காவது ரவுண்டு

சீடருக்கு ஐம்பத்தொரு வயது. குருவுக்கு முப்பத்தெட்டு.

சீடர் நாச்சிமுத்து கோயம்புத்தூரில் பல் டாக்டர். குரு பிலோமினா எட்டு வருடம் கார் பந்தயத்தில் ஓட்டியவர். இப்போது ஊருக்கு வெளியே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். டாக்டருக்கு இருப்பது ஒரே கார். வாரம் முழுக்க அதில் கிளினிக் போவார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதையே ரேஸ் டிராக்கில் ஓட்டுவார். அவருக்கு டிராக்கில் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் பிலோமினா.

ஒரு திங்கட்கிழமை மாலை டாக்டர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். சரியாகத் தூங்காத முகம்.

"நேத்து ஆறாவது ரவுண்டுல பிரேக் பிடிக்கலீங்க மேடம். பெடல் கல்லாட்டம் இருக்குது, வண்டி நிக்க மாட்டேங்குது. மணல்ல போய்ச் சொருகித்தான் நின்னேன்."

பிலோமினா முன்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பேடை எடுத்துப் பார்த்தார். மேல்பக்கம் கருகிப் பளபளத்தது.

"ரோட்டுக்கு உண்டான பேடு. அந்தச் சூடு தாங்கல."

"அப்ப ரேஸ் பேடு போட்டுருங்க. இருக்கறதுலயே நல்லதா."

"போட்டுரலாம். தினமும் காலையில முதல் பிரேக் எங்க போடுவீங்க, டாக்டர்?"

டாக்டர் யோசித்தார். "எங்க வீதி முக்குலீங்க. ஸ்கூல் வேன் நிக்கும், குழந்தைங்க ஏறிட்டிருப்பாங்க. ஏங்க?"

"சும்மா கேட்டேன். வண்டி இங்கயே நிக்கட்டும். காலையில ஆறரைக்கு வாங்க."

அன்றே ரேஸ் பேடு மாட்டி, புது பேடு படியும்படி கொஞ்ச தூரம் ஓட்டியும் வைத்தார்.

காலையில் டாக்டர் வந்தபோது, ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் பாதையில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் காலி பிளாஸ்டிக் டிரம் ஒன்று.

"அம்பதுல வாங்க. கோடு வந்ததும் பிரேக் போடுங்க. உங்க வீதியில எப்படி மிதிப்பீங்களோ அப்படியே மிதிங்க. சாதாரண பேடுன்னா டிரம்முக்கு ரெண்டு மீட்டர் முன்னாடி நிக்கும். நான் நேத்து இன்னொரு வண்டியில அளந்து பார்த்துட்டேன்."

டாக்டர் வந்தார். கோட்டில் மிதித்தார். கார் வேகம் குறைந்தது; ஆனால் நிற்கவில்லை. டிரம் எகிறி விழுந்து காம்பவுண்டுச் சுவர்வரை உருண்டது.

டாக்டர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. பிலோமினா கதவைத் திறந்தார்.

"நல்ல பேடுதானே போட்டீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"நல்ல பேடுதான். சூடானாத்தான் அது பிடிக்கும். இது ராத்திரி பூரா நின்ன வண்டி."

டாக்டர் இறங்கிப் போய் டிரம்மை நிமிர்த்தி வைத்தார். அதன் வயிறு ஒடுங்கிப்போயிருந்தது. அதன் உயரம் அவர் இடுப்புவரைதான் இருந்தது.

"ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இல்லீங்களா?"

"இருக்கு. காலையிலயும் பிடி கொஞ்சம் குறையும், டிராக்குலயும் கொஞ்சம் குறையும்."

"டிராக் போற அன்னிக்கு மட்டும் ரேஸ் பேடு மாத்திக்கிட்டா?"

"நெறைய பேர் மாத்தறாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அலுத்துப்போய் வருவீங்க. ஒரு தடவைகூட விடாம, திருப்பி மாத்திட்டுத்தான் வீட்டுக்குப் போவீங்களா?"

டாக்டர் சரி என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு, "சத்தியமாச் சொல்லணும்னா, மாட்டேனுங்க," என்றார்.

"அப்ப எங்க குறைஞ்சா பரவாயில்லைன்னு நீங்கதான் சொல்லணும்."

"காலையில குறையக் கூடாதுங்க."

பிலோமினா ரேஸ் பேடைக் கழற்றி, ரோட்டுக்கான பேடில் புது ஜோடி மாட்டினார்.

"டிராக்குல எத்தனை ரவுண்டு தாங்குமுங்க?"

"நாலு. அப்புறம் டிராக்கை விட்டு உள்ள வந்து வண்டியை ஆற விடுங்க."

அடுத்த மாதம் டிராக்கில், பிலோமினா ஓரத்தில் நின்று பார்க்க, டாக்டர் அதுவரை ஓட்டாத மாதிரி ஓட்டினார். முன்னால் ஒரு சிவப்புக் கார். இதற்கு முன் மூன்று முறை டிராக்குக்கு வந்தும் அவரால் நெருங்க முடியாத கார் அது. நான்காவது ரவுண்டு முடியும்போது இரண்டுக்கும் நடுவே பத்தடி இருக்கும். பிரேக் சுத்தமாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

உள்ளே வரும் வழி வந்தது. டாக்டர் திருப்பினார். சிவப்புக் கார் நேரே போய்விட்டது.

ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவர் முகம் சிவந்திருந்தது.

"பிரேக்குல ஒரு குறையும் இல்லீங்க. இன்னொரு ரவுண்டு போயிருந்தா அவனைத் தாண்டியிருப்பேன். பேடு தாங்கியிருக்குமில்லீங்களா?"

பிலோமினா சக்கரத்தின் பக்கம் கையை நீட்டினார். சூடு உறைக்கவும் இழுத்துக்கொண்டார்.

"தெரியாது டாக்டர். அது தெரியாமயே இருக்கட்டும்னுதானே உள்ள வந்தீங்க?"