மழையில் பறக்காத பறவை

நாகநங்கை நடத்திய தர்க்கப் பள்ளியில் அறுபது மாணவர்கள் இருந்தார்கள். பெண் ஆசிரியரை அந்தப் பக்கத்தில் குரத்தி என்பார்கள். மாணவர்களில் முதல்வன் பெருஞ்சாத்தன். வாணிபத்தை விட்டுவிட்டு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. வாதத்தில் அவன் எதிரே உட்கார யாரும் விரும்புவதில்லை. குரத்தியைவிட நான்கு வயது மூத்தவன் என்பதால், குரத்தி அவனை மட்டும் 'நீர்' என்று அழைப்பார்.

பகல் உணவுக்குப் பிறகு இருவரும் குளக்கரைவரை நடப்பார்கள். முந்தின நாள் வாதத்தில் எங்கே ஓட்டை என்று பேசிக்கொண்டே போவார்கள். அந்த ஒரு நாழிகைக்காகத்தான் சாத்தன் நாளின் மற்ற நாழிகைகளைக் கழித்தான்.

மாசி பிறந்த வாரம் கொற்றன் வந்தான். செல்லரித்த சுவடிகளைப் புதிய ஓலையில் பெயர்த்து எழுத அவனை வரவழைத்திருந்தார்கள். எழுதி எழுதிக் கை ஓய்ந்தால் கதை சொல்வான்.

அவன் சொன்ன கதை ஒரு நாட்டைப் பற்றியது. அங்கே ஒவ்வொருவருடைய நினைவும் ஒரு பறவையாக அவரவர் தோளில் உட்கார்ந்திருக்கும். பறவை போய்விட்டால் நினைவும் போய்விடும். மழையில் அந்தப் பறவைகளால் பறக்க முடியாது. ஒரு நாள் அரசனின் பறவை காணாமல் போகிறது. தன் மகளைப் பார்த்தே, "நீ யாரம்மா?" என்று கேட்கிறான். மகள் பறவையைத் தேடிப் புறப்படுகிறாள்.

கதை தொடங்கிய அன்று குரத்தி குளக்கரைக்குப் போகவில்லை. கதை கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் போகவில்லை. பங்குனி போனது, சித்திரையும் போனது. உணவு முடிந்ததும் அறுபது பேரும் கொற்றனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவனைக் குரத்தி 'நீ' என்று அழைத்தார். "நீ நேற்று விட்ட இடத்திலிருந்து சொல்லு" என்பார். அந்த 'நீ' சாத்தனின் காதில் முள்ளாகக் குத்தியது.

அவன் கடைசி வரிசையில், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருவான். ஆனால் ஒரு சொல்லையும் விடமாட்டான்.

வைகாசியில் ஒரு நாள் அவன் குறுக்கே பேசினான்.

"ஏழு நாள் ஓயாத மழை என்றாய். பறவை ஆற்றின் இந்தக் கரையில் தொலைந்தது. மகள் அதை அந்தக் கரையில் பார்க்கிறாள். மழையில் பறக்காத பறவை எப்படி ஆற்றைக் கடந்தது?"

கொற்றன் விழித்தான். "அதை நான் யோசிக்கவே இல்லை, அண்ணா."

எல்லோரும் சிரித்தார்கள். குரத்தியும் சிரித்தார். கொற்றனும் சேர்ந்து சிரித்தான். அவர்கள் தன்னைப் பார்த்துச் சிரித்ததாகவே சாத்தனுக்குப் பட்டது.

பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. யார் வேண்டுமானாலும் அவையில் ஒரு கூற்றை வைக்கலாம். மாலைக்குள் யாரும் அதை மறுக்காவிட்டால் அது பள்ளியின் விதியாகிவிடும்.

சாத்தன் எழுந்து நின்றான்.

"இது தர்க்கப் பள்ளி. உள்ளதை அறிய வந்தவர்கள் நாம். இல்லாத நாட்டையும் இல்லாத பறவையையும் சொல்கிறவனுக்கு இங்கே இடமில்லை. இது என் கூற்று."

சாத்தனை மறுத்துப் பழக்கமுள்ளவர் அங்கே ஒருவரும் இல்லை.

கொற்றன் சொன்னான்: "எனக்கு வாதம் செய்யத் தெரியாது. அண்ணன் சொல்வது சரியாகத்தான் இருக்கும்."

ஓலைகளை அடுக்கி வைத்துவிட்டு, மூட்டை கட்டத் தன் அறைக்குப் போனான்.

அவை கலைந்தது. குரத்தி மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"இரும், சாத்தரே. மாலைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மலையில் புகை தெரிகிறது. அங்கே நெருப்பு உண்டு என்று எப்படி நிறுவுவீர்?"

முதலாண்டு மாணவனிடம் கேட்கும் கேள்வி அது. சாத்தன் சலிப்போடு சொன்னான்: "நெருப்பு இல்லையென்றால் புகையும் இருந்திருக்காது. புகை இருக்கிறது. ஆகவே நெருப்பு உண்டு."

"நெருப்பில்லாத அந்த மலையை எங்கே பார்த்தீர்?"

"பார்க்கவில்லை, அம்மையே. அப்படி இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன்."

"இல்லாத மலை."

சாத்தன் தயங்கினான். "ஆம். ஆனால் விடை கிடைத்ததும் திரும்பி வந்துவிட்டேன்."

"கொற்றனின் கதையில் ஓட்டையை எப்படிக் கண்டீர்?"

"மழையில் பறக்காது என்று அவன்தானே சொன்னான். அதை ஒப்புக்கொண்டால் மற்றது பொருந்தவில்லை."

"ஒப்புக்கொண்டீரா?"

"ஒப்புக்கொண்டால்தானே கேள்வியே எழும்."

"நாங்கள் எல்லோரும்தான் கேட்டோம். எனக்குக்கூட அந்த ஓட்டை தெரியவில்லை. எங்கள் எல்லோரையும்விட அந்த நாட்டுக்குள் தூரம் போனவர் நீர்தான்."

சாத்தனுக்கு முதலில் மகிழ்ச்சி வந்தது. அடுத்த கணமே கோபம் வந்தது.

"உம்முடைய கூற்றுக்கு இன்னும் காரணம் வரவில்லை" என்றார் குரத்தி. "வேறு இருந்தால் சொல்லும்."

சாத்தன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"என்னை விலக்கிவிட்டீர்கள். அவனை அருகில் வைத்துக்கொண்டீர்கள்."

"சான்று?"

"குளக்கரைக்கு வருவதில்லை. அவனோடு பேசும்போது உங்கள் குரல் வேறாக இருக்கிறது. நாளைக்கு இந்தப் பள்ளியையே அவனிடம் ஒப்படைப்பீர்கள்."

"அதை யார் சொன்னார்?"

"யாரும் சொல்லவில்லை. எல்லாம் அங்கேதான் போய் முடியும்."

குரத்தி தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுவதற்கு இரண்டு முறை முயல வேண்டியிருந்தது.

"மாசியிலிருந்து முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. குளம்வரை நடக்க முடியவில்லை. மற்றவர்கள் கேட்டார்கள், சொன்னேன். நீர் கேட்பீர் என்று காத்திருந்தேன்."

ஒரு காலை இழுத்தபடி அவர் மெல்ல உள்ளே போனார். சாத்தன் அந்த நடையை அன்றைக்குத்தான் பார்த்தான். மூன்று மாதமாக அவர் யாரைப் பார்க்கிறார், யாரோடு சிரிக்கிறார் என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு கொற்றனின் அறைக்குப் போனான். மூட்டை கட்டி முடிந்திருந்தது.

"அதைப் பிரித்துவிடு. கூற்றைத் திரும்பப் பெறுகிறேன்" என்றான்.

"ஏன், அண்ணா?"

சாத்தன் வாசலிலேயே உட்கார்ந்தான்.

"அந்தப் பறவை தானாகக் கடக்கவில்லை. யாரோ அதைத் துணிக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். உன் கதையில் ஒரு திருடன் இருக்கிறான். உனக்கே தெரியவில்லை."

கொற்றன் மூட்டையைக் கீழே வைத்தான். "யாராக இருக்கும்?"

"அரசனுக்கு மிக அருகில் இருந்தவன். தூரத்தில் இருப்பவனுக்கு அந்த ஆசை வராது."

"அரசன் எல்லாவற்றையும் மறந்துபோவதில் அவனுக்கு என்ன லாபம்?"

"எல்லாவற்றையும் மறக்கட்டும் என்று அவன் நினைக்கவில்லை. புதிதாக வந்த ஒருவரை மட்டும் மறந்தால் போதும் என்றுதான் நினைத்திருப்பான்."

கொற்றன் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு எதுவும் கேட்காமல் மூட்டையைப் பிரித்து, எழுத்தாணியை எடுத்தான்.

அடுத்த நாள் பகல் உணவு முடிந்ததும் சாத்தன் எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து குரத்தியின் அருகில் வைத்தான். குரத்தி முழங்காலில் தடவிக்கொண்டார். கொற்றன் இன்னும் வந்திருக்கவில்லை.

"பொறாமை போய்விட்டதா?" என்று கேட்டார் குரத்தி.

"இல்லை, அம்மையே. காலையில்கூட, அவன் கையெழுத்தை நீங்கள் புகழ்ந்தபோது வந்தது."

"சரி."

சாத்தன் கேட்டான்: "மூன்று மாதமாக நானும் இல்லாத ஒன்றைத்தான் கட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள்ளேயே இருந்தேன். அப்படியானால் அவன் கட்டியதற்கும் நான் கட்டியதற்கும் என்ன வித்தியாசம்?"

குரத்தி எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"அவன் கதை என்று சொல்லிவிட்டுச் சொல்கிறான்."