தேங்காயெண்ணெய் போட்ட துவக்கு

வேட்டைத் துவக்குகளைத் திருத்தி விற்கிற பவளராணியிடம் அருமைநாயகம் பாடம் கேட்க வந்தபோது அவருக்கு அறுபத்திரண்டு வயது. அவளுக்கு நாற்பது. ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணிநேரம் வடக்கே, ஒரு சதுப்பு ஏரிக்குப் பக்கத்தில் அவளுடைய பட்டறை இருந்தது. அவர் அவளை "ரீச்சர்" என்று கூப்பிட்டார். முதல் நாள் பகிடிக்குத்தான் சொன்னார். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

"என்ன துவக்கு வேணும், அண்ணை?"

"விழுந்த தாராவைத் துடிக்க விடாத துவக்கு."

பவளராணி கையிலிருந்த துணியை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

போன வருடம் அவர் சிநேகிதர் ஒருவரின் துவக்கோடு தாரா என்கிற காட்டு வாத்து வேட்டைக்குப் போயிருந்தார். முதல் வெடிக்கு ஒன்று விழுந்தது. சாகவில்லை. செட்டையை அடித்துக்கொண்டு கோரைக்குள் போனது. அவர் அடுத்ததைச் சுட்டார், அதற்கடுத்ததையும் சுட்டார். திரும்பிப் பார்த்தபோது முதலாவது எங்கே புகுந்தது என்று தெரியவில்லை. மத்தியானம் வரை தேடியும் கிடைக்கவில்லை. அதன் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். இறங்கியது. ஆனால் அந்தத் தாராவும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது.

"சிநேகிதன்ரை துவக்கு ஒவ்வொருக்காலும் கையாலை இழுத்துச் சுடுறது. அதாலைதான் சுணங்கிப்போச்சு," என்றார். "செமி ஓட்டோமற்றிக் எண்டா அதுவே அடுத்த தோட்டாவை ஏத்தும். மூண்டு வெடியும் கண் மூடித் திறக்க முதல் போயிடும்."

"ம்."

"இந்த முறையும் ஒண்டு காயத்தோடை போச்செண்டா லைசென்ஸைக் கிழிச்சுப்போடுவன், ரீச்சர். இனித் துவக்கைத் தொடவே மாட்டன்."

"சரி. வீட்டை போய்க் குளிர் கோட்டைப் போட்டுக்கொண்டு வாங்கோ."

"இப்ப செப்டெம்பர்தானே?"

"தாரா சுடேக்கை என்ன உடுப்போடை நிப்பியள்?"

அடுத்த கிழமை அவர் தடித்த கோட்டுக்குள் வேர்த்து ஒழுக வந்து நின்றார். அவள் நான்கு துவக்குகளை மேசையில் வைத்தாள்.

"கண்ணை மூடுங்கோ. தோளிலை வையுங்கோ. இப்ப திறவுங்கோ. என்ன தெரியுது?"

"குழலின்ரை முதுகு முழுக்கத் தெரியுது."

"அது உங்களுக்குச் சரிவராது. நுனி மட்டும்தான் தெரியவேணும். மற்றதை எடுங்கோ."

இரண்டாவது கோட்டில் கொழுவிக்கொண்டது. மூன்றாவதை வைத்துக் கண்ணைத் திறந்தவர், தலையை அசைக்காமலே, "நுனி தெரியுது," என்றார். அது யாரோ பாவித்த கறுப்புத் துவக்கு. பார்வைக்கு ஒன்றுமில்லை. நான்காவது கோரைப்புல் நிறம் பூசிப் புத்தம் புதிதாகக் கிடந்தது.

"அதுதான் வடிவு, ரீச்சர்."

"வடிவுதான். ஆனா உங்கடை கண் இதிலை போய் இருந்திட்டுது."

கறுப்பையே வாங்கினார். அதைக் கழற்றவும் பூட்டவும் அவள் பழக்கினாள். காயப்பட்ட தாராவைக் கையாலேயே நொடியில் முடிக்கவும் சொல்லிக் கொடுத்தாள்.

"சுட்டிட்டு வந்தா கழட்டித் துடையுங்கோ. கரி இருக்கக் கூடாது, ஈரம் இருக்கக் கூடாது. கடைசியிலை இந்த எண்ணெயிலை ஒரு துளி."

"ஒரு துளி காணுமோ?"

"காணும். கூடினாக் குளிருக்கை துவக்கு நித்திரை கொள்ளும்."

அவர் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினார். முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர், சொன்னபடி செய்யத் தெரிந்தவர். ஆனால் ஒக்டோபரில் ஆயுத பூசை வந்துவிட்டது.

எங்கள் ஆட்கள் காருக்குப் பொட்டு வைப்பார்கள், தையல் மெசினுக்கு வைப்பார்கள், கொம்பியூட்டருக்கும் வைப்பார்கள். துவக்கு மட்டும் என்ன பாவம் செய்தது? அருமைநாயகம் அதைப் பகுதி பகுதியாகக் கழற்றித் தட்டில் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துக் கும்பிட்டார். மறுநாள் பார்த்தால் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. துவக்கு எண்ணெயின் நாற்றத்தைச் சாமியறைக்குள் கொண்டுபோக அவருக்கு மனம் வரவில்லை. கைக்கெட்டிய தூரத்தில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் நின்றது. தாராளமாக ஊற்றித் தேய்த்தார். துவக்கு பளபளத்தது.

சனிக்கிழமை விடியற்காலை ஏரிக்கரையில் புல் வெள்ளையாக உறைந்திருந்தது. அவரும் துணைக்கு வந்த பவளராணியும் கோரைக்குள் பதுங்கி உட்கார்ந்தார்கள்.

"துடைச்சியளோ?"

"கண்ணாடி மாதிரி."

சூரியன் எட்டிப்பார்த்த நேரம் மூன்று தாராக்கள் தாழப் பறந்து வந்தன. அவர் எழுந்து சுட்டார். ஒன்று செட்டை முறிந்து தண்ணீரில் விழுந்தது. சாகவில்லை. கோரையை நோக்கி நீந்தியது.

அவர் மறுபடி விசையை இழுத்தார். ஒன்றுமில்லை. தோட்டாவை ஏற்றுகிற இரும்பு பாதி வழியில் நின்றுவிட்டது. அவர் உள்ளங்கையால் அதைக் குத்தினார். அசையவில்லை.

"போச்சு. இந்த முறையும் போச்சு."

"துவக்கை என்னட்டைத் தாங்கோ, அண்ணை."

"ரெண்டாவது வெடி போகேல்லை, ரீச்சர்."

"தாங்கோ. கண்ணை மட்டும் எடுக்காதேங்கோ."

"பறக்கிறதிலை இருந்தோ?"

"விழுந்ததிலை இருந்து."

அவர் துவக்கை அவள் பக்கம் நீட்டினார். பார்வையைத் திருப்பவில்லை. தாரா நுழைந்த இடத்தில் ஒரு கோரைத்தண்டு முறிந்து சரிந்தது. அந்தத் தண்டைப் பார்த்தபடியே தண்ணீருக்குள் இறங்கினார். ஒருதரம் வழுக்கி விழுந்தார். தொப்பி மிதந்து போனது. அதையும் அவர் பார்க்கவில்லை.

தண்டுக்கு இரண்டடி உள்ளே தாரா பதுங்கியிருந்தது. அவள் சொல்லிக் கொடுத்தபடி கையாலேயே ஒரு நொடியில் அதன் வேதனையை முடித்தார். பிறகு அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். அழுகை வந்தது. ஆனால் ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்த பாரம் குறைந்திருந்தது.

"கிடைச்சிட்டுது, ரீச்சர்."

"பாத்தனான்."

பட்டறைக்கு வந்ததும் பவளராணி துவக்கைக் கழற்றினாள். உள்ளே வெள்ளை வெளேரென்று கட்டிப்பட்டுக் கிடந்தது. முகர்ந்து பார்த்தாள்.

"என்ன எண்ணெய், அண்ணை?"

அவர் சொன்னார். பூசையையும் பொட்டையும் சேர்த்துச் சொன்னார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார்.

பிறகு அவள் ஒவ்வொரு பகுதியாக வழித்துத் துடைத்தாள். துளைகளில் இருந்த சந்தனத்தைக் கம்பியால் குத்தி எடுத்தாள். ஒரே ஒரு துளி எண்ணெய் விட்டுப் பூட்டி, வெறுந்துவக்கை இழுத்துக் காட்டினாள். இரும்பு வழுக்கிக்கொண்டு ஓடியது.

"இனி இடையிலை நிக்காதோ?"

"நிக்காது."

"மூண்டு வெடியும் போகும்?"

"மூண்டும் போகும்."

அவர் துவக்கை வாங்கக் கை நீட்டவில்லை.

"அப்ப எனக்குப் பயமாக் கிடக்கு, ரீச்சர். வெடியோடை கண்ணும் போயிடுமோ எண்டு."

அவள் துவக்கை உறையில் போட்டு மூடி, அவர் கையில் கொடுத்தாள்.

"அடுத்த சனிக்கிழமை வரேக்கை அந்தப் பயத்தையும் மறக்காமல் கொண்டு வாங்கோ."